ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கு,

இந்த வாரத் தியானத்தை, என் தவறு ஒன்றை உங்களிடம் அறிக்கையிட்டுத் தொடங்குகிறேன்.

நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர் பல மாதங்களாக ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வரவில்லை. அவருடைய மனைவியும் சிறு மகளும் தவறாமல் வருவார்கள். அவர் அமரும் இடம் மட்டும் வெறுமையாயிருக்கும். இடையில் வந்த ஒன்றிரண்டு ஞாயிறுகளிலும் பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட்டார். இதைப் பிரசங்க பீடத்திலிருந்து நான் கண்டேன். மனதில் குறித்தும் வைத்தேன். பின்பு ஒரு ஞாயிறன்று, ஆண்டவருக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க மனமில்லாதவர்களைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே பேசினேன். யாரை எண்ணிப் பேசுகிறேன் என்பது அவருடைய மனைவிக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்தச் சகோதரி தலை குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

லெந்து நாட்களில் வீடு சந்திப்புக்குச் சென்றபோது அவர்கள் வீட்டுக்கும் போனேன். காலை ஒன்பது மணியிருக்கும். உள்ளபடி சொன்னால், நான் ஜெபிக்கப் போகவில்லை. கேள்வி கேட்கவே போனேன். அவர் கொல்லைப்புறக் குழாயடியில் குனிந்து தம் காலணிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் சிவந்து ஓடியது. அப்பா வந்துவிட்டார் என்று மகள் ஓடி வந்தாள். குளிக்கும் முன் தம்மைத் தொடலாகாது என்று ஈரக் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். குழந்தை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அது அவளுக்குப் பழகிப்போன ஒழுங்கு என்பது தெரிந்தது. நான் கொண்டுபோயிருந்த கேள்வி என் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அவர் 108 ஆம்புலன்சில் அவசரகால மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறார். இவ்வளவு காலமும் அவர் ஏதோ மருத்துவமனை வேலையில் இருக்கிறார் என்றுதான் எண்ணியிருந்தேன். ஒரு மேய்ப்பன் அறிந்திருக்க வேண்டியதை நான் அறிந்திருக்கவில்லை. அவர் குளித்து வந்தபின், கருப்பட்டிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினோம். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எழுதுவதற்கு அவரே அனுமதி தந்திருக்கிறார்.

நம் தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று நம் பிள்ளைகளுக்கு எண்களை எண்ணத் தெரியுமுன்னே அந்த மூன்று எண்கள் தெரியும். அழைத்தால் வண்டி வரும், கட்டணம் இல்லை என்பதையும் அறிவோம். அந்த வண்டியில் வருகிறவர்களைக் குறித்து நாம் அறிந்தது எவ்வளவு?

வண்டியில் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுநர், அவரைப் 'பைலட்' என்றே அழைக்கிறார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர். ஒரு முறைக்குப் பன்னிரண்டு மணி நேரப் பணி. பகலும் இரவும் மாறி மாறி வரும். ஞாயிறு என்றும் கிறிஸ்துமஸ் என்றும் அந்தப் பணிக்கு வேற்றுமை இல்லை. பணி ஏற்றவுடன் முதல் வேலை, வண்டியைச் சோதிப்பது. ஆக்சிஜன் உருளையின் அளவுமானி, சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சியெடுக்கும் கருவி, இரத்த அழுத்தக் கருவி, கழுத்துப் பட்டை, முதுகுத்தண்டு அசையாமல் கிடத்தும் பலகை, பிரசவ உபகரணங்கள், மருந்துகளின் காலாவதித் தேதிகள் என ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். "நேற்றுதானே பார்த்தோம் என்று விட்டுவிட முடியாது ஐயா. ஆக்சிஜன் தீர்ந்துபோயிற்று என்பது, நோயாளியை ஏற்றிய பின் தெரிந்தால் என்ன பயன்?" என்றார். பத்துக் கன்னிகைகளின் உவமையை இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருவரும் விளக்கியதில்லை.

அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குச் சென்று, அங்கிருந்து இவர்களுக்கு வரும். உடனே புறப்பட வேண்டும். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த கையோடு மூடிவிட்டுக் கிளம்பிய நாட்கள் அநேகம் என்றார். நம் பக்கத்து ஊர்களில் வீட்டைக் கண்டுபிடிப்பதே ஒரு போராட்டம். வாழைத்தோட்டத்துக்குள் ஒருவரைப் பாம்பு தீண்டியிருக்கும். அங்கே தெருப்பெயர் ஏது, கதவெண் ஏது? ஓடையைத் தாண்டி, மோட்டார் அறையைத் தாண்டி, ஒற்றையடிப் பாதையில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை, "ஏன் இவ்வளவு நேரம்?" என்பதே. சில இடங்களில் சட்டையைப் பிடித்ததும் உண்டாம். உங்களுக்குக் கோபம் வராதா என்று கேட்டேன். "ஆரம்பத்தில் வந்தது ஐயா. பிறகுதான், அது கோபம் அல்ல, பயம் என்று புரிந்தது" என்றார்.

எல்லா அழைப்பும் விபத்து அல்ல. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, பிரசவவலி, குளியலறையில் வழுக்கி விழுந்த முதியோர் என்று அன்றாட வாழ்வின் துன்பங்களே அதிகம். மருத்துவமனை எட்டுமுன் வண்டிக்குள்ளேயே பிறந்த ஏழு குழந்தைகளைத் தம் கைகளில் ஏந்தியிருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வசிக்கும் ஒரு முதிய தாயார் வழி நெடுக அவர் கையை விடவே இல்லையாம். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கையை விடுங்கள் அம்மா என்றதற்கு, மற்றக் கையில் பாருங்கள் என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அன்று காலை அவர் சிரித்தது அந்த ஒரே முறைதான்.

பின்பு, நான் கேளாமலேயே, முந்தின டிசம்பர் மாதத்து இரவு ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையே நான்குவழிச் சாலையில் ஓர் இருசக்கர வாகன விபத்து. கல்லூரியில் படிக்கும் வயதுடைய ஓர் இளைஞன். தலைக்கவசம் இல்லை. சுற்றி நின்றவர்களில் சிலர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தம் துண்டை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார். கழுத்துப் பட்டையை அணிவித்து, பலகையில் கிடத்தி, வண்டியில் ஏற்றினார்கள். ஆக்சிஜன் வைத்து, கட்டுப்பாட்டு மையத்திலுள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் ஆலோசனை பெற்றுக்கொண்டே இவர் பணி செய்தார். பாதி வழியில் அந்த இளைஞன் கண் திறந்தான். இவருடைய சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு, "அண்ணா, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான். பிறகு மறுபடியும் நினைவு தப்பியது. மருத்துவமனையில் ஒப்படைத்தபோது நாடித்துடிப்பு இருந்தது. படிவத்தை நிரப்பி, பொறுப்பேற்றவரிடம் கையொப்பம் பெற்றார். வண்டியின் தரையைக் கழுவி முடிக்குமுன்னே அடுத்த அழைப்பு வந்தது. மூச்சிரைப்பினால் தவிக்கும் ஒரு பெரியவர். போய்விட்டார்.

"அவன் பிழைத்தானா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஐயா" என்றார். "எங்களுக்கு எதுவும் தெரியவராது. வாசலில் ஒப்படைப்பதோடு எங்கள் வேலை முடிகிறது. இரண்டு நாள் கழித்து வேறொருவரைக் கொண்டுபோனபோது விசாரித்துப் பார்த்தேன். உறவினர் அல்லாதவருக்கு விவரம் சொல்வதில்லை. அதுதான் முறை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரவு முதல் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கும்போது அவன் நினைவு வருகிறது. நாம் இறந்தவர்களுக்காக விண்ணப்பம் செய்கிறதில்லையே ஐயா. அவனை நான் உயிரோடிருக்கிறவனாக எண்ணி ஜெபிப்பதா, இறந்துபோனவனாக எண்ணி நிறுத்திவிடுவதா? எப்படி ஜெபிப்பதென்று தெரியவில்லை. அதனால் சில நாட்களாக ஜெபிப்பதையே விட்டுவிட்டேன்."

பிரியமானவர்களே, இருபத்திரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்தவன் நான். எனினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாம் கர்த்தர் அறிவார் தம்பி" என்றேன். அது மெய்யான வார்த்தைதான். ஆனால் அந்நேரம் நான் அதைச் சொன்னது அவருக்கு ஆறுதலாக அல்ல. பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துபோவதற்காகவே. அவரும் மரியாதையாகத் தலையசைத்தார். சுருக்கமாக ஜெபித்துவிட்டு வீடு திரும்பினேன்.

அந்த வாரம் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய முடியவில்லை. எதை எடுத்து வாசித்தாலும் அந்தக் கேள்வியே எதிரே நின்றது. கடைசியில் லூக்கா 10ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். நல்ல சமாரியனின் உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தப் பாதை ஏறத்தாழ 1000 மீட்டர் சரிவு என்றும், கள்ளர் பதுங்குவதற்கேற்ற பாறை வெளி என்றும் உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆசாரியனையும் லேவியனையும் குற்றப்படுத்தியிருக்கிறேன். அந்த இரவில்தான் ஒன்றைக் கண்டேன். காயப்பட்டுக் கிடந்த அந்த மனிதன் பிழைத்தானா என்பதை ஆண்டவர் சொல்லவே இல்லை.

நீங்களும் வேதத்தைத் திறந்து பாருங்கள். சமாரியன் காயங்களைக் கட்டுகிறான், தன் வாகனத்தில் ஏற்றுகிறான், சத்திரத்தில் சேர்க்கிறான், இரவு முழுவதும் பராமரிக்கிறான். மறுநாள் இரண்டு நாள் கூலிக்குச் சமமான பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, இனி இவனை நீ பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போகிறான். அத்தோடு கதை நின்றுவிடுகிறது. அதன்பின் ஆண்டவர் கேட்கும் கேள்வி, அவன் பிழைத்தானா என்பது அல்ல. அவனுக்கு அயலானாக இருந்தவன் யார் என்பதே. விளைவைக் கொண்டு அந்தச் சமாரியன் அளக்கப்படவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சிறு தூரத்தில் அவன் செய்ததே பேசப்படுகிறது.

அதற்காக, விளைவைப் பற்றிக் கவலைப்படாதே என்று உவமை கற்பிக்கிறது என்றும் நான் சொல்லத் துணியேன். ஏனெனில் சமாரியன் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டே போகிறான். மேற்கொண்டு செலவானால் அதையும் தான் தீர்ப்பதாக வாக்களிக்கிறான். ஒப்படைத்தபின்னும் அவன் மனம் அந்தச் சத்திரத்தில்தான் இருந்தது. நம் சகோதரருடைய மனமும் அப்படியே மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அவருடைய கேள்வி விசுவாசக் குறைவினால் வந்ததல்ல, அன்பினால் வந்தது. அதை நான் ஒரு வாக்கியத்தால் மூடிவிட்டு வந்திருந்தேன்.

மறுவாரம் அவருடைய பணி அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கிறோம். அவர்களைத் தூக்கிச் சுமக்கிறவருக்கு ஏன் கொடுக்கலாகாது என்று எண்ணினேன். ஒரு வியாழக்கிழமை, அவர் இரவுப்பணி முடித்து வந்து குளித்தபின், அப்பத்தையும் இரசத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மனைவியும் மகளும் உடன் அமர்ந்தார்கள். அந்தச் சகோதரியிடம் என் பிரசங்கத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

பின்பு அவரிடம் சொன்னேன்: "தம்பி, உங்கள் கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் அவன் உயிரோடிருக்கிறானா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 'ஆண்டவரே, நான் வாசலில் ஒப்படைத்தவன்' என்று மட்டும் அவனைக் குறித்துச் சொல்லுங்கள். அவன் எங்கே இருந்தாலும் அது பொருந்தும். அன்று மருத்துவமனையில் ஒப்படைத்தீர்கள். இப்பொழுது அவரிடத்தில் ஒப்படையுங்கள். அதற்கு மேலும் உங்கள் மனம் வருந்துமானால், வருந்தட்டும். ஒப்படைத்தவனை நினைத்துக்கொள்வது பாவமல்ல."

அவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் அம்மாவையும் சேர்த்துச் சொல்லலாமா ஐயா?" என்று கேட்டார். சொல்லலாம் என்றேன். அவர் தம் வாயால் ஜெபித்தார், இரண்டே வாக்கியங்கள். அடுத்து நான் நீண்ட ஜெபம் ஒன்றைத் தொடங்கினேன். நடுவில் கண் திறந்து பார்த்தால், அவர் சுவரில் சாய்ந்து அமர்ந்தபடியே உறங்கிப்போயிருந்தார். முன்பு பீடத்திலிருந்து கண்டு கடிந்துகொண்ட அதே உறக்கம்தான். இந்த முறை ஜெபத்தைச் சுருக்கி, சத்தமில்லாமல் ஆமென் சொல்லி, எழுந்து வந்தேன்.

அன்பானவர்களே, இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படி ஒப்படைத்தவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பள்ளியில் நீங்கள் கற்பித்து அனுப்பிய பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஒரு காலத்தில் உங்கள் வீட்டில் சோறுண்டு வளர்ந்த உறவினர் மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. வீட்டை விட்டுப் போன மகனைக் குறித்து ஒரு தகவலும் இல்லாத பெற்றோரும் நம் சபையில் இருக்கிறார்கள். எனக்கும் உண்டு. நான் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், ஆலோசனை சொன்னவர்கள், கண்ணீரோடு வந்து பேசிவிட்டு மறுபடி வராமலே போனவர்கள். பலன் தெரியாததனாலேயே நம் உழைப்பு வீண் என்று சோர்ந்துபோகிறோம். சில வேளைகளில் ஜெபத்தையும் நிறுத்திவிடுகிறோம். முடிவு நமக்குத் தெரியாதிருக்கலாம். அதனால் நாம் நடந்த தூரம் பொய்யாகிவிடாது.

இந்த வாரம் உங்களிடம் சில காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை அந்தச் சகோதரர் சொன்னவையே.

விபத்தைக் கண்டால் முதலில் 108ஐ அழையுங்கள். அடிபட்டவரைக் கைகால் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகுத்தண்டில் காயம் இருந்தால் அது பெருங்கேடாய் முடியும். நினைவு இழந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரக்கத்தோடு ஊற்றிய தண்ணீரே மூச்சை அடைத்துவிடக்கூடும். இரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் சாலைத் திருப்பத்தில் போய் நின்று, வரும் வண்டிக்கு வழி காட்டுங்கள். இரவானால் கையில் ஒரு விளக்கு இருக்கட்டும்.

காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டிவரும் என்று அஞ்சி விலகிப்போக வேண்டாம். உதவி செய்கிறவரைத் தொல்லைப்படுத்தலாகாது என்ற வழிகாட்டுதல்களுக்கு 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் அளித்தது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அந்தச் சட்டப்பிரிவு அவரை அழைக்கும் பெயர் 'நல்ல சமாரியன்' என்பதே. நம் வேதத்து உவமையின் பெயரை நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்க, நாம் சாலையின் மறுபக்கமாய்ப் போகலாமா? செலவைக் குறித்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அதன் வரம்புக்குட்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இனி ஆராதனை வேளையில் ஆம்புலன்சின் ஒலி கேட்டால், பிரசங்கத்தை ஒரு நிமிடம் நிறுத்துவேன். அந்த வண்டிக்குள் படுத்திருக்கிறவருக்காகவும், அவர் அருகே குனிந்திருக்கிறவருக்காகவும், பாதையில் கண் பதித்து ஓட்டுகிறவருக்காகவும் ஒன்றாக ஜெபிப்போம். ஞாயிறன்று உங்கள் அருகில் ஓர் இடம் வெறுமையாயிருந்தால், அவர் ஏன் வரவில்லை என்று தீர்ப்பிடுமுன், அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். உங்கள் ஆயராகிய நான் அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, எங்கள் கைகளில் சிறிது தூரம் மட்டும் தந்து, பின்பு எங்கள் கண்களுக்கு மறைத்த யாவரையும் உம்மிடத்தில் ஒப்படைக்கிறோம். அவர்கள் பெயரை நாங்கள் அறியோம், நீர் அறிவீர். இரவெல்லாம் விழித்துப் பிறரைச் சுமக்கிறவர்களுக்குப் பகலில் நல்ல உறக்கத்தைத் தாரும். சாலையில் விழுந்துகிடப்பவர் அருகே நின்று குனியும் மனதை எங்களுக்குத் தாரும். இயேசுவின் மூலம் வேண்டுகிறோம் பிதாவே. ஆமென்.

உங்கள் ஆயர்